பதினேழு பதில் சொல்கிறது

பதினேழு இப்போது யாருடைய எண்ணும் இல்லை. ஆனால் எஸ்லின் கூப்பிட்டதும் அது பதில் சொன்னது.

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி விழுந்தது. ஒரு நொடி கழித்து அதற்குக் கீழே இன்னொன்று. அடுத்த நொடியில் இன்னொன்று. 192.168.10.17 இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. அவள் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்து, தவறான எண்ணை அடித்துவிட்டோமோ என்று மேலே பார்த்தாள். சரியாகத்தான் அடித்திருந்தாள்.

பிங் என்பது வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல என்று அவள் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இருக்கிற இயந்திரம் உள்ளேன் என்று சொல்லும். இல்லாதது பேசாது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் நான்கு முறை கூப்பிட்டுவிட்டு மரியாதையாக நின்றுவிடும். இந்த லினக்ஸ் நிற்காது. நிறுத்தச் சொல்லும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் முதல் தடவை அது தெரியாமல், எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து, இருநூறு வரி ஓடும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று பிறகுதான் கண்டுபிடித்தாள்.

ஜூஜுவாடியில், கர்நாடக எல்லையைத் தாண்டுவதற்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு பிரஸ் ஷாப்பின் மாடி அலுவலகம் அது. கீழே ஷெட்டில் எட்டுப் பிரஸ்கள். தகட்டை நசுக்கி, வளைத்து, வண்டிக்கான பாகமாக்கும் இயந்திரங்கள். ஞாயிறு என்பதால் உற்பத்தி இல்லை. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். அலுவலகமும், ஒவ்வொரு பிரஸ்ஸின் அடியையும் எண்ணும் சின்னப் பெட்டிகளும் மட்டும் இன்வெர்ட்டரில் உயிரோடு இருந்தன. மதியம் மூன்று மணிதான். ஆனால் வெளியே மழை கட்டியிருந்ததால், ஷெட்டைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் இருட்டு தேங்கி நின்றது. குளிர்ந்த இரும்பின் வாசனையும், டீசலில் நனைந்த பஞ்சின் வாசனையும், தகரக் கூரையில் மழை விழுந்ததும் கிளம்பும் துருவின் வாசனையும் கதவிடுக்கு வழியாக ஏறி வந்தன. அவற்றின் நடுவே, தூரத்தில், சீராக ஒரு சத்தம். தம். தம். தம். ஜேம்ஸ் மூன்றாவது பிரஸ்ஸில் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சு, மாட்டிக்கொண்டிருந்தார். சுத்தியலாக இருக்கும். புருஷன் வேலை செய்யும் சத்தம் காதில் விழுவது அவளுக்குத் தைரியமாக இருந்தது.

கன்ட்ரோல், சி. வரிகள் நின்றன. கீழே சத்தமும் நின்றது. அவரும் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தாள்.

போன் அடித்தது. மேனேஜர் கமலக்கண்ணன்.

"ஏம்மா எஸ்லின், ஆச்சா?"

"இன்னும் இல்ல சார். புது கம்ப்யூட்டருக்குப் பதினேழு குடுத்தா, அந்த நம்பர ஏற்கெனவே யாரோ வச்சிருக்காங்கன்னு வருது."

"யாரு வச்சிருக்காங்கோ? பதினொண்ணுல இருந்து பதினெட்டு வரைக்கும் எட்டுப் பிரஸ். பதினேழு ஏழாவது பிரஸ்ஸோடது. அதுதான் நாலு மாசமா செத்துக் கெடக்குதே."

"அதான் சார் எனக்கும் புரியல. கூப்பிட்டா பதில் வருது."

"ஓசில வர்ற சாமானத்தப் போட்டா ஓசி வேலதான் பண்ணும்னு அப்பவே சொன்னன். திருட்டு விண்டோஸ் இருந்தா ஆர்டர் கெடையாதுங்கறான் கஸ்டமரு, நான் என்னா பண்றது? நாளைக்கு ஒம்போதரைக்கு ஆடிட்டரு வந்து உக்காந்துக்குவாரு. அந்த எட்டு நம்பருக்குள்ளதான் இருக்கோணும். வேற நம்பர்ல போனா மெயின் கம்ப்யூட்டர் உள்ள உடாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஜேம்ஸோட பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள் மேலதான் இருக்குது. நீ இத முடி, நான் அத முடிக்கறன்."

அவள் போனை வைத்தாள். முதல் தவணை நான்கு மாதம் முன்பே கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை வழக்கம்போல் உடனே மூடினாள்.

அவள் ஸ்டோர்ஸ் பதிவேடு எழுத வந்தவள். யாருக்கும் தெரியாத இந்த லினக்ஸை, தெரியாது என்று சொல்லத் தெரியாததால் ஏற்றுக்கொண்டவள். காலை முழுவதும் ஓர் அபத்தமான தவறில் போனது. கம்ப்யூட்டரின் எண் முகவரிக்குப் பின்னால் 24 என்று போட வேண்டிய இடத்தில் 42 என்று அடித்துவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டி, நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியின் பச்சை விளக்குகளைத் தடவிப் பார்த்து, இயேசுவே என்று இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லி, கடைசியில் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது தனியாகவே சிரித்தாள். தவறு தன்னுடையது என்றால் நிம்மதிதான். திருத்திவிடலாம். இந்தப் பதினேழு அப்படிப்பட்ட தவறில்லை.

ஏனென்றால் ஏழாவது பிரஸ்ஸில் எண்ணும் பெட்டியே இல்லை.

அந்தப் பிரஸ்ஸை ஓட்டிய ஆஞ்சப்பன் செத்த அன்றே பெட்டியை உடைத்துவிட்டார்கள். அவள் இதே ஜன்னலில் நின்றுதான் பார்த்தாள். சிக்கிய தகட்டை எடுக்க அவன் கையை உள்ளே விட்டான். மேலிருந்து இறங்கும் இரும்புப் பாளத்தை ராம் என்பார்கள். நூறு டன். அது ஒரு முறை இறங்கிவிட்டு நிற்க வேண்டியது. நிற்கவில்லை. ஏறி, மறுபடி இறங்கியது. விரல், மணிக்கட்டு, முழங்கை. ஒவ்வொரு அடியும் அவனைக் கொஞ்சம் உள்ளே இழுத்தது. தோள். பிறகு முகம். தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான்காவது அடியில் நிறுத்தினான். ராம் நிறுத்தவில்லை. மெயினை யாரோ இறக்கியபோது பெட்டி ஒன்பது என்று காட்டியது. அந்த ஒன்பதைப் பார்த்துத்தான் ஆட்களுக்கு வெறி பிடித்தது. ஸ்பேனராலேயே பெட்டியைத் தூள் தூளாக்கி, கேபிளையும் வெட்டிப் போட்டார்கள். மூன்றாம் நாள் கமலக்கண்ணன் பிரஸ்ஸுக்கு முன்னால் கோழி அறுத்து, பூசணிக்காய் உடைத்துச் சுற்றிப் போட வைத்தார். எது கோழியின் ரத்தம், எது அவனுடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக டீசல் ஊற்றிக் கழுவினார்கள். அப்படியும் யாரும் அதில் நிற்க மறுத்தார்கள்.

விபத்து அறிக்கையை எஸ்லின்தான் எழுதினாள். அழகான கையெழுத்து என்று அவளுக்குப் பெயர். ராம் ஒரே முறைதான் இறங்கியது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினாள். ஒன்பது என்று எழுதினால் இயந்திரத்தின் குற்றம். ஒன்று என்று எழுதினால் செத்தவனுடைய குற்றம். கம்ப்யூட்டரில் இருந்த ஒன்பதையும் அழித்து ஒன்று ஆக்கினாள். ஒரே ஒரு விசையை அழுத்துகிற வேலை அது. அந்த வாரம்தான் ஜேம்ஸ் பெயர் பர்மனென்ட் பட்டியலில் ஏறியது. அவரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு, நான்கு மாதமாகச் சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். முதலில் வார்த்தை தொண்டையில் நிற்கும். பிறகு நெஞ்சில். பிறகு எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

மறுபடி ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பிங் போட்டாள். இந்த முறை நிறுத்தவும் கற்றிருந்தாள். ஐந்து முறை மட்டும் கூப்பிடு என்று எண் கொடுத்தாள். வரிகள் வந்தன. ஐந்தோடு நிற்கவில்லை. சில வரிகளின் ஓரத்தில், ஒரே கேள்விக்கு இரண்டாவது பதில் வந்திருக்கிறது என்ற குறிப்பு இருந்தது. கீழே சத்தமும் மறுபடி தொடங்கியிருந்தது. தம். தம். கடைசியில் கணக்குச் சொன்னது. அனுப்பியது ஐந்து. வந்தது பதினான்கு.

ஒன்பது அதிகம்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள்.

படியில் காலடி. ஜேம்ஸ் ஒரு கையில் டீ பிளாஸ்கும் தலையில் சாக்குமாக ஏறி வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"என்னா மேடம், உங்க லினக்ஸ் ஆண்டவர் மனசு எரங்கினாரா?"

"நீங்க கீழதான இருந்தீங்க? டை மாட்டிட்டு?"

"டையா? மழ தூற ஆரம்பிச்சதுல இருந்து டீக்கடையிலதான் நிக்கறேன். ஒரு டீ குடிக்கறதுக்குள்ள போன்ல கர்நாடகாவுக்கு வெல்கம்னு மூணு மெசேஜ். இன்னொரு டீ குடிச்சிருந்தா ரேஷன் கார்டே குடுத்திருப்பானுங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அப்ப கீழ யாரு இருக்காங்க?"

"யாரு இருப்பாங்க? மெயினப் பூட்டிட்டு சாவி என் இடுப்புல இருக்கு. வாட்ச்மேன் கேட்ல தூங்கறாரு. ஏன்?"

இங்கேதான் அவள் சொல்லியிருக்கலாம். சத்தம் கேட்டது, நான் கூப்பிடும்போது கேட்கிறது, நிறுத்தினால் நிற்கிறது என்று மூன்று வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தப் பிரஸ் என்று கேட்பார். ஏழு என்றால், ஏன் முகம் இப்படிப் போகிறது என்று கேட்பார். அவளுடைய முகத்தை அவர் நன்றாகப் படிப்பார். மேம்பாலத்தில் லாரி ஏறி இறங்கும் சத்தமாக இருக்கும். தகரக் கூரை மழைக்கு என்னென்னவோ சத்தம் போடும்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "ஏழாவது பிரஸ்ல ஏதோ கனெக்ஷன் இருக்கு போல. அந்த நம்பர் விட மாட்டேங்குது."

"அதுல பெட்டியே இல்லையே. சரி, ஒரு எட்டு பாத்துட்டு வர்றேன். ஏதாவது இருந்தா புடுங்கிப் போட்டுடறேன். முடிச்சிட்டு ஆறு மணி ஆராதனைக்காவது போலாம்."

"இருங்க."

"என்னாடி?"

"...டார்ச் எடுத்துட்டுப் போங்க."

அவர் போனார். ஜன்னல் வழியாக அவருடைய போன் வெளிச்சம் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பிரஸ்ஸைத் தாண்டி மிதந்து போவதைப் பார்த்தாள். ஏழாவது கடைசித் தூணுக்குப் பின்னால். அங்கே போனதும் வெளிச்சத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அவளுடைய போன் மேசைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. அதில் அவருடைய மூச்சும் ரப்பர் செருப்பின் ஈரச் சத்தமும் கேட்டன.

"வந்துட்டேன். கேபிள் வெட்டுன முனை தொங்குது. பெட்டி இருந்த எடத்துல ரெண்டு ஆணிதான் இருக்கு."

"சரி. வந்துடுங்க."

"இரு இரு. ராம் மேல எண்ணெ பளபளங்குது எஸ்லி. யாரோ புதுசா எண்ணெ போட்டிருக்கானுங்க. தொட்டா சூடா இருக்கு."

"தொடாதீங்க!"

"கரண்டே இல்ல, கத்தாத. டைக்குப் பின்னாடி ஏதோ பச்சையா மின்னுது. சின்ன லைட்டு. நீ அந்தப் பிங்கு போடு, இதுதானான்னு பாக்கறேன்."

அவளுடைய விரல் என்டர் விசைமேல் இருந்தது. "கை வெளிய இருக்கா?"

"வெளியதான் இருக்கு. போடு."

"ரெண்டு கையும்?"

"அட, ரெண்டும்தான். போடும்மா."

போட்டாள்.

ஒரு வரி. இரண்டு. மூன்று. காதைக் கூர்மையாக்கினாள். மழை மட்டும்தான். சத்தம் எதுவும் வரவில்லை. ஆறு. ஏழு. அவளுக்குள் ஏதோ தளர்ந்து, கண்ணில் தண்ணீர் முட்டியது. லாரிதான். மழைதான். பைத்தியக்காரி. கன்ட்ரோல், சி. வரிகள் நின்றன. கர்சர் வெறும் திரையில் நின்று துடித்தது.

"நிறுத்திட்டேன்," என்றாள்.

"நிறுத்திட்டியா? இங்க இன்னும் மின்னுது."

"இல்லங்க, நான் நிறுத்திட்டேன்."

"மின்னுதுடி. உள்ளாறதான் இருக்கு. இரு, புடுங்கிடறேன்."

திரையில் ஒரு வரி வந்தது.

அவள் எதையும் அழுத்தவில்லை. கை மடியில் இருந்தது. 192.168.10.17. கேட்காமலே வந்த பதில்.

"ஜேம்ஸ், கைய எடுங்க."

தம்.

போனிலிருந்தும் வந்தது. தரை வழியாகக் காலிலும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி, மனுஷன் தனக்கு என்ன ஆனது என்று புரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளும் அளவு. பிறகுதான் கத்தல். அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அது அவருடைய குரலாகவே இல்லை.

இரண்டாவது வரி. தம்.

"எஸ்லீ! மெயினு... மெயின எறக்கு!"

மெயின் இறங்கித்தான் இருந்தது.

கன்ட்ரோல், சி. கன்ட்ரோல், சி. மூன்றாவது வரி. எலும்பு நொறுங்கும் சத்தம் இரும்பின் சத்தத்தைவிட மெல்லியது, கரும்பு முறிவது போல. அவள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு நெட்வொர்க் கேபிளைப் பிய்த்து எடுத்தாள். பிளாஸ்டிக் முனை உடைந்து உள்ளங்கையைக் கிழித்தது. நான்காவது வரி வந்தது. சுவிட்ச் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்தாள். பச்சை விளக்குகள் எல்லாம் செத்தன. ஐந்தாவது. கம்ப்யூட்டரின் மின்கயிற்றை இழுத்தாள். திரை அணைந்தது.

தம்.

அணைந்த திரை. அதில் அவளுடைய முகம்.

தம்.

கத்தல் நின்றிருந்தது. போனில் ஈரமான ஏதோ சொட்டும் சத்தம். பிறகு, மிக அருகில், பொறுமையான மூச்சு.

ஓடினாள். படியில் முழங்கால் இடித்தது தெரியவில்லை. உள்ளங்கை ரத்தம் கைப்பிடிக் கம்பியெல்லாம் வழுக்கியது. மெயின் சுவிட்ச் கீழே. பூட்டு அப்படியே. மூன்றாவது பிரஸ். நான்காவது. அவருடைய செருப்பு ஒன்று. ஐந்தாவது. காற்றில் டீசல் இல்லை. வேறு வாசனை. கறிக்கடையில் கட்டையைக் கழுவும்போது வருவது.

தூண்.

ஏழாவது பிரஸ்ஸின் பெரிய சக்கரம் சுழலவில்லை. நான்கு மாதத்து ஒட்டடை அதில் கலையாமல் தொங்கியது. ஆனால் ராம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. கீழே விழுந்து கிடந்த அவருடைய போனின் வெளிச்சம் மேல்நோக்கி அடித்தது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு அடிக்கும் மெல்லிய சிவப்புத் தூறல் எழுந்து அடங்கியது.

ஜேம்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

விழவில்லை. சிக்கவும் இல்லை. யாரும் அவரைப் பிடித்திருக்கவில்லை. ஷிஃப்ட்டில் நிற்கிற ஆள் போல, இரண்டு காலையும் சற்று அகட்டி, நேராக நின்றுகொண்டிருந்தார். வலது கை முழங்கை வரை தகடு. உண்மையிலேயே தகடு. தட்டையாக, பளபளப்பாக, ஓரத்தில் வெள்ளையாக எலும்புத் தூள் பிசிறி, நுனியில் மடிந்து தொங்கியது. ராம் ஏறியது. இடது கையை எடுத்து டையின் மேல் அளவு பார்த்து வைத்தார். ராம் இறங்கியது. எடுத்தார். பார்த்தார். இன்னும் நான்கு விரற்கடை தள்ளி வைத்தார்.

"ஜேம்ஸ்," என்றாள். "ஜேம்ஸ், நான்தான். ஒன்பத... ஒண்ணுன்னு நான்தான் எழுதினேன். நான்தான். ஆஞ்சப்பா, அவர விட்டுடு."

ராம் மேலே போய் நின்றது.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. எங்கோ நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. டையின் விளிம்பிலிருந்து சொட்டு விழுந்தது. ஜேம்ஸ் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவருடைய முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அவருக்குத் தெரியாத தெலுங்கில், யாரோ ஒருவருடைய அம்மாவை, மெல்லிய குரலில், திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அவர் இடப்பக்கமாக ஓர் அடி நகர்ந்து, பிரஸ்ஸுக்கு முன்னால் இன்னொரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்.